பிரேக் மேடமும் முந்திரியும்

கார் ஓட்டப் பழக வந்த பிள்ளைகள் வைத்த பெயர் அது: பிரேக் மேடம். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமல்லவா, அதன்மேல் அவள் கால் எப்போதும் தயாராக இருக்கும். எதிரே ஒரு சைக்கிள் வந்தால், ஓட்டுகிறவன் அதைப் பார்ப்பதற்குள் இவள் மிதித்திருப்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. பேருந்தில் உட்கார்ந்து போனால்கூட அந்த வலது கால் முன்சீட்டுக்குக் கீழே தானாக அழுத்தும். டிவியில் கார் துரத்துகிற காட்சி வந்தால் வீட்டுத் தரை தேயும். பட்டப்பெயர் காதில் விழுந்தபோதும் அவளுக்குக் கோபம் வரவில்லை. "பிரேக் இல்லாத ஆளுக்கு பிரேக் உள்ள ஆளு எவ்வளவோ மேல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அப்படிப்பட்டவள்தான் அக்கா மகள் முன்னால் மார்தட்டினாள்.

"தொள்ளாயிரம் பேரை ரோட்டுல இறக்கி விட்டிருக்கேன். அதுல பாதிப் பேருக்கு இடது எது, வலது எதுன்னே தெரியாது. ஒரு நாய்க்குட்டிக்கு ஒழுங்கா நடக்கச் சொல்லித்தர முடியாதா? நாலு வாரம் குடு, போதும்."

"நாலு வாரம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது, சித்தி" என்றாள் அவள்.

அந்தப் பெண்ணைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அவள் நர்ஸ், ரயிலில் இரண்டு மணி நேரம் போனால் வருகிற ஊரில், எலும்பு முறிந்தவர்களின் வார்டில் வேலை. ஒரு முறை இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர்கள் இரண்டாம் முறையும் உடைத்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்பதைத் தினமும் கண்ணால் பார்க்கிறவள். அவள் அம்மா, அதாவது மேடத்தின் அக்கா, இரண்டு மாதத்துக்கு முன் வாசல் படியில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். தகடு வைத்து ஆணி இறக்கினார்கள். இப்போதுதான் கைத்தடியோடு நாலு எட்டு வைக்கிறாள். விழக் காரணம் ஒரு பூனை, ஒரு நாய், மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிய கயிறு.

நாயின் பெயர் முந்திரி. அக்கா வேலை பார்த்த வணிக வளாகத்தின் கார் நிறுத்தும் இடத்தில், அட்டைப் பெட்டியில் யாரோ போட்டுவிட்டுப் போன குட்டி. நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று அக்கா சொல்வாள். குணத்தைப் பார்த்து வைத்தது போலவே அமைந்துவிட்டது. கதவு திறந்தால் முந்திரிக்கொட்டை மாதிரி முதலில் அதன் மூக்குத்தான் வெளியே இருக்கும். எட்டு மாதத்தில் இருபது கிலோ. காது இரண்டும் அதன் வயசுக்குப் பெரியவை.

நகருக்கு வெளியே பெரிய தோட்டம் வைத்திருக்கிற ஒரு குடும்பம் அதை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தது. மகள் பேசி முடித்திருந்தாள். நிபந்தனை ஒன்றுதான். நாலாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை, அம்மா தன் கையால் முந்திரியைப் பிடித்துக்கொண்டு கேட்டிலிருந்து தெருமுனைத் தபால்பெட்டி வரை போய்த் திரும்ப வேண்டும். ஒரே ஒரு தடவை இழுத்தாலும் நாய் வண்டியில் ஏறிவிடும்.

"உன் அப்பா போனப்புறம் நான் காலைல எழுந்திரிச்சதே இவன் மூஞ்சிக்காகத்தான்" என்றாள் அக்கா, மகளிடம். அழவில்லை, விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள். "இவன் போயிட்டா நான் எதுக்கு நடக்கப் பழகணும்? எங்க போகப் போறேன்?"

மகள் அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து, ஏற்கெனவே சரியாக இருந்த மாத்திரைகளை மறுபடி சரிசெய்தாள்.

மேடம் மறுநாள் மாலையே வேலையைத் தொடங்கினாள். ஐந்தரை மணிக்குக் கடைசி மாணவன் போனதும் பயிற்சிப் பள்ளி மைதானம் காலி. சுற்றிலும் கம்பி வேலி. தரையில் சிவப்புக் கூம்புகள் வரிசையாக நிற்கும். இடுப்புப் பையில் உப்பில்லாமல் வேகவைத்த கோழி, நகம் அளவுக்கு நறுக்கியது. சட்டம் ஒன்றே ஒன்று. கயிறு தொய்ந்திருந்தால் நடப்போம், இடது முழங்காலை ஒட்டி வந்தால் கோழி. கயிறு இறுகினால் நிற்போம். திட்டும் கிடையாது, இழுப்பும் கிடையாது, சும்மா மரம் மாதிரி நிற்பது.

முதல் நாள் கேட்டிலிருந்து முதல் கூம்பு வரை பத்தடி தூரம் போக நாற்பது நிமிஷம் ஆனது. அலுவலக ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்த கிளார்க்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மேடம், இன்னிக்கு ஊர் போய்ச் சேருவீங்களா?"

"லைசென்ஸ் வாங்கிட்டுத்தான் போவோம். நீங்க ஜன்னலைச் சாத்துங்க."

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த அம்மி நாலாவது நாள் நகர்ந்தது. இழுத்தால் கோழி நின்றுவிடுகிறது, ஒட்டி நடந்தால் கோழி கொட்டுகிறது என்கிற கணக்கு முந்திரிக்குப் புரிந்துவிட்டது. பத்தாவது நாள் அது கூம்புகளைச் சுற்றி எட்டுப் போட்டது. கயிறு இரண்டு பேருக்கும் நடுவில் தொட்டில்போலத் தொங்கியது. மேடம் வேகமாகப் போனால் அதுவும் வேகம், நின்றால் உட்கார்ந்துவிடும், திரும்பினால் திரும்பும். ஜன்னலைச் சாத்தாமலே இருந்த கிளார்க் கைதட்டினார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த மேடத்தின் கால் தரையில் பாவவில்லை. அக்கா விழுந்ததிலிருந்து மேடம் அவள் வீட்டில்தான் தங்கியிருந்தாள், முதல் மாடி. அக்கா பால்கனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லிக்குடுக்கிறவங்க சரியா இருந்தா நாய் என்ன, நாற்காலிகூட நடக்கும்!" என்றாள் மேடம். அக்கா எழுந்திருக்கக் கைத்தடியை எடுத்ததுமே ஓடிப்போய் அவள் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அக்கா ஒரு பக்கம் சாய்ந்து, சமாளித்து நின்றாள்.

"பாத்தியா, நான் பிடிக்கலேன்னா விழுந்திருப்பே."

அக்கா முழங்கையைத் தடவிக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் தெருவில் இறங்கினார்கள். அங்கேதான் சனி பிடித்தது. வீட்டில் புலி, வெளியில் எலி என்று மனுஷர்களைச் சொல்வதுண்டு. முந்திரி அதற்குத் தலைகீழ். மைதானத்தில் பசு, தெருவில் புலி. காலித் தெருவில் அழகாக நடந்து வரும். ஒரு பூனையோ, குழந்தை வண்டி தள்ளி வருகிற பெண்ணோ, சைக்கிளோ எதிரே தெரிந்தால் தீர்ந்தது. முன்னங்கால் இரண்டும் தரையில் இல்லை, குரல் மட்டும் தெரு முழுக்க. மேடம் கோழியை நீட்டினாள். கோழியாவது ஒன்றாவது, அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரோடுன்னா இதுக்குத் திமிர் ஏறிடுது" என்றாள் மேடம். தன் பாடத்தில் குறை இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தொள்ளாயிரம் பேர் தேறியிருக்கிறார்கள் என்றால் சும்மாவா?

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை, எதிரே பார்சல் கொண்டுவருகிற பையன் சைக்கிளில் வந்தான். அவன் தெருமுனையில் திரும்பும்போதே மேடம் பார்த்துவிட்டாள். முன்ஜாக்கிரதையாகக் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, முஷ்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அடுத்த நொடி முந்திரி பாய்ந்தது, மேடம் முட்டிபோட்டு விழுந்தாள், சைக்கிள் வேலிச்செடிக்குள் போனது, பார்சல்கள் நடுத்தெருவில் சிதறின. நல்லவேளை, யாருக்கும் எலும்பு போகவில்லை.

பார்சல் தம்பி செடிக்குள்ளிருந்து எழுந்து இலைகளைத் தட்டிக்கொண்டான். "ஏங்க, நீங்க வளக்கறது நாயா, காளை மாடா?"

மேடம் மன்னிப்புக் கேட்டாள். பார்சல்களைப் பொறுக்கிக் கொடுத்தாள். தலை நிமிராமல் கேட்டுக்குத் திரும்பியபோது மேலே பால்கனியில் அக்கா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. மறுமுனையில் மகள். குரைப்பு, சத்தம், கூப்பாடு எல்லாம் அங்கேயும் கேட்டிருக்கிறது.

"இல்லம்மா, வேண்டாம். நாலு வாரம்னு நீதானே சொன்னே. இன்னும் ஒன்பது நாள் இருக்கு" என்று அக்கா நிதானமாகச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள்.

மேடம் படபடவென்று உள்ளே வந்தாள். பேண்ட் முட்டியில் கிழிசல், கிழிசலுக்குள் சிராய்ப்பு. "உன் நாய்க்கு மண்டையில மூளைக்குப் பதிலா வைக்கோல்தான் இருக்கு! நாய் வாலை நிமித்த முடியாதுன்னு சும்மாவா சொன்னாங்க? கொண்டுபோய் அந்தத் தோட்டத்துலயே விடு!"

வாய்தவறி வந்த வார்த்தை. வந்தபிறகு அவளுக்கே சுருக்கென்றது. முந்திரி தன் பாயில் போய்ச் சுருண்டுகொண்டு, புருவத்தை மட்டும் தூக்கி ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்தது.

"உக்காரு" என்றாள் அக்கா. "உன்கிட்ட ஒண்ணு காட்டணும்."

அக்காவின் வேலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வணிக வளாகத்தில் அவள் உட்கார்ந்தது கேமரா அறையில். பதினெட்டு வருஷம், முப்பத்தாறு திரைகள். எந்தக் கடையில் எவன் எதை எடுத்துப் பைக்குள் போடப்போகிறான் என்பதை அவன் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள். எப்படி என்று கேட்டால், "திருடறவன் மூஞ்சி ரொம்ப நல்ல மூஞ்சியா இருக்கும். மூஞ்சியப் பாக்கக்கூடாது, கையப் பாக்கணும். கைதான் முதல்ல கிளம்பும்" என்பாள். இந்த மூன்று மாதமாக அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு திரை, அந்தப் பால்கனி. பழக்கதோஷம், ஃபோனில் படம் பிடித்து வைத்திருந்தாள்.

"முதல்ல பூனை" என்று ஓடவிட்டாள்.

திரையில் மேடமும் முந்திரியும் நடந்து வந்தார்கள். கயிறு தொட்டிலாகத் தொங்கியது. சுவர்மேல் பூனை தெரிந்தது. மேடத்தின் முஷ்டி நெஞ்சுக்கு ஏறியது, வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. கயிறு இறுகியது. அதற்குப் பிறகுதான், ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்துத்தான், முந்திரி பாய்ந்தது.

"அது என் கையா?" என்றாள் மேடம்.

"பின்ன என் கையா? இது குழந்தை வண்டி."

அதே கதை. முஷ்டி, கால், கயிறு, நாய்.

"இது போன புதன்கிழமை. நல்லாப் பாரு."

தெரு காலி. ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பை காற்றில் உருண்டு வந்தது. மேடத்துக்கு அன்றைக்கு அது பூனையாகத் தெரிந்தது, நினைவிருக்கிறது. முஷ்டி ஏறியது. கால் மிதித்தது. முந்திரி எகிறிக் குதித்து ஊரைக் கூட்டியது. பிறகு இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் பார்த்தது, யாரையும் காணாமல் மேடத்தின் முகத்தைத் திரும்பிப் பார்த்தது.

"அங்க ஒண்ணுமே இல்லடி" என்றாள் அக்கா. "யாரைப் பாத்துக் குரைக்கணும்னு தெரியாம உன்னையே கேக்குது பாரு, பாவம். நாய் முதல்ல இழுக்கல. ஒவ்வொரு தடவையும் நீதான் முதல்ல இழுக்கிறே. நீ கயித்தை இழுத்தா அவனுக்கு அது என்ன சொல்லுது? ஐயோ, என்னவோ வருதுன்னு சொல்லுது. நீ பயப்படறேன்னு அவன் உனக்கு முன்னாடி போய் நிக்கறான். இந்த வீட்டுல முந்திரிக்கொட்டை ஒண்ணுன்னு நெனச்சேன். ரெண்டு இருக்கு."

"எனக்கா பயம்?" மேடம் எழுந்துவிட்டாள். "இருபத்திரண்டு வருஷமா அந்தக் கால்தான் எனக்குச் சோறு போடுது! அது முன்கூட்டியே மிதிச்சதாலதான் எத்தனை பேர் உயிரோட வீட்டுக்குப் போனாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். அந்தக் கால் கார்ல இருக்கட்டும். தெருவுக்குக் கூட்டிட்டு வராதே." அக்கா ஃபோனை மடியில் வைத்தாள். "இன்னொண்ணும் சொல்லிடறேன். என் முழங்கையைக் கேட்டா அதுவும் இதைத்தான் சொல்லும். நீ பிடிக்கிறதுக்கு முன்னாடி நான் சாயல. பிடிச்சப்புறம்தான் சாயறேன். சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு பேசாம இருந்தேன்."

மேடத்துக்கு முகம் சுண்டிவிட்டது. ஊருக்கெல்லாம் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள், தன் முதுகு தனக்குத் தெரியவில்லையே என்று கூசிப்போனாள். ஆனால் அவள் அப்படியே உட்கார்ந்து மருகுகிற ஜாதி இல்லை. மாணவன் தப்புச் செய்தால் என்ன செய்வாள்? திருத்துவாள். இப்போது மாணவி அவள்தான், அவ்வளவுதான்.

மறுநாள் காலை பேண்ட்டின் கிழிசலைத் தைக்க உட்கார்ந்தாள். வெளியே ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. கை சுண்டியது, நூல் அறுந்தது. மறுபடி கோத்தாள். கீழே யாரோ கேட்டை அறைந்து சாத்தினார்கள். மறுபடி அறுந்தது. மேடம் கையிலிருந்த நூலைப் பார்த்தாள். பிறகு ஆணியில் தொங்கிய முந்திரியின் கயிற்றைப் பார்த்தாள்.

"அக்கா! கண்டுபிடிச்சிட்டேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் முந்திரி எழுந்து குரைத்தது.

இவ்வளவுதான் விஷயம். கயிற்றின் கைப்பிடியைக் கையில் பிடிக்காமல், கைப்பிடிக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் ஒரு சாண் தையல் நூல் கட்டிக்கொள்வது. பாதுகாப்புக்கு இன்னொரு நீளமான கயிறு இடுப்பு பெல்ட்டிலிருந்து நாயின் கழுத்துப் பட்டைக்கு, அது எப்போதும் தரையில் தொய்ந்து கிடக்கும். நூல் எத்தனை தடவை அறுகிறதோ அத்தனை தடவை தோல்வி. நாய்க்கு இல்லை, மேடத்துக்கு.

எதிரே வருவதற்கு ஆள் வேண்டும். மேடம் நேராகப் பார்சல் தம்பியிடம் போனாள். "தம்பி, தினம் சாயங்காலம் அரைமணி நேரம் எங்க கிரவுண்டுக்கு வந்து சைக்கிள்ல குறுக்க மறுக்கப் போகணும்."

"அதுக்கு நான் தினம் விழணுமா?"

"விழமாட்டே. பதிலுக்கு உனக்குக் கார் ஓட்டக் கத்துத்தரேன்."

அவன் யோசித்தான். "உங்க பேர் பிரேக் மேடம்தானே? எங்க அண்ணன் உங்ககிட்டதான் படிச்சான். வரேன்."

சனிக்கிழமை நூல் முப்பத்தொரு தடவை அறுந்தது. மைதானத்துக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்த அக்கா கணக்கு வைத்துக்கொண்டாள். சைக்கிள் மணி கேட்டாலே போதும், டப். ஞாயிறு இருபத்தாறு. திங்கட்கிழமை மேடம் வெறுத்துப்போய் நூல்கண்டை விட்டெறிந்தாள். முந்திரி அதைக் கவ்விக்கொண்டு வந்து காலடியில் வைத்து, கோழிக்காக வாயைப் பார்த்தது. சிரிக்காமல் என்ன செய்வது?

செவ்வாய் பதினொன்று. புதன் ஆறு. அதற்குள் அதிசயம் ஒன்று நடக்கத் தொடங்கியிருந்தது. சைக்கிள் வரும்போது கயிறு ஒன்றும் சொல்லாததால், முந்திரி தலையைத் தூக்கி மேடத்தைப் பார்த்தது. ஏதோ வருகிறதே, நாம் என்ன செய்யப்போகிறோம் என்கிற பார்வை. கோழி வந்தது. அடுத்த சைக்கிளுக்கும் பார்த்தது. அதற்கும் வந்தது. பார்சல் தம்பி மணியடித்தபடி பக்கத்தில் உரசிக்கொண்டு போனபோதும் அதன் கண் கோழிப் பையிலேயே இருந்தது.

வியாழக்கிழமை அக்கா கைத்தடியோடு மைதானத்தில் இறங்கினாள், வலது கையில் தடி, இடது கையில் கயிறு. மேடம் இரண்டு தப்படி பின்னால் வந்தாள். முழங்கையைப் பிடிக்கக் கை பரபரத்தது. இரண்டு கையையும் பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டாள். அக்கா நாலு கூம்பு சுற்றி வந்தாள். முந்திரி தடியின் டக் டக் சத்தத்துக்குத் தக்கபடி நடையை மெதுவாக்கிக்கொண்டது. வெள்ளி, சனி இரண்டு நாளும் அக்காவுக்குத் தெருவிலும் பழக்கம். மேடத்தின் நூல் வெள்ளிக்கிழமை ஒரு தடவைகூட அறுபடவில்லை. சனிக்கிழமை ஒரு பந்து உருண்டு வந்து ஒரு தடவை அறுந்தது.

"பரவாயில்ல, நாளைக்கு பிடிக்கப்போறது நான்தானே" என்றாள் அக்கா.

ஞாயிறு காலை மகள் காரில் வந்து இறங்கினாள். பின்சீட்டில் மடக்குக் கூண்டு ஒன்று இருந்தது. அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முந்திரிக்குக் கயிறு மாட்டினாள். யாரையும் உதவிக்கு விடவில்லை. லிஃப்டில் இறங்கி, வாசலின் மூன்று படிகளை ஒவ்வொன்றாக இறங்கி, கேட்டுக்கு வந்தாள். கோழிப் பை அவள் இடுப்பில் இருந்தது, கயிற்றின் நுனி புடவைத் தலைப்புக்குள் மறைந்திருந்தது.

"சித்தி, நீங்க அம்மா பக்கத்துலயே போங்க. பிடிச்சுக்கோங்க" என்றாள் மகள்.

"அவ இங்கயே நிப்பா" என்றாள் அக்கா. "நீ வேணும்னா பின்னாடி பத்தடி தள்ளி வா."

தபால்பெட்டிக்கு நூற்று நாற்பது தப்படி என்று அக்கா எண்ணி வைத்திருந்தாள். மேடம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டக், டக், டக். முந்திரி முழங்காலை ஒட்டி நடந்தது. கயிறு தொட்டிலாகத் தொங்கியது. இருபது. நாற்பது.

அறுபதாவது தப்படியில், வலதுபக்க வீட்டுக்காரர் சக்கரம் வைத்த குப்பைத்தொட்டியைக் கடகடவென்று உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். அதன் மூடிமேலிருந்து ஒரு பூனை குதித்தது. மூன்று மாதத்துக்கு முன் பார்த்த அதே பூனைதானோ என்னவோ, நடுத்தெருவில் நின்று திரும்பிப் பார்த்தது.

எல்லோருக்கும் முன்னால் மேடம்தான் பார்த்தாள். வலது கால் தரையை அமுக்கியது. "அக்கா, பிடி!" என்கிற கூச்சல் தொண்டை வரை வந்துவிட்டது. கத்தினால் அக்கா கை இறுகும். இறுகினால் நாய் பாயும். பாய்ந்தால் எல்லாம் போச்சு. வாழ்க்கையில் முதல்முறையாக, ஆபத்தைக் கண்ணால் பார்த்தபிறகும் மேடம் ஒன்றும் செய்யாமல் நின்றாள். நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு கஷ்டமான வேலையை அவள் பார்த்ததே இல்லை.

முந்திரி நின்றது. காது இரண்டும் விறைத்தன. ஒரு முன்னங்கால் தரையை விட்டுத் தூக்கியபடி இருந்தது. அக்காவும் நின்றாள். அவள் இடது கை தொங்கின இடத்திலேயே தொங்கியது, ஒரு விரல்கூட மடங்கவில்லை. பின்னால் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. முந்திரி தலையைத் தூக்கி அக்காவின் முகத்தைப் பார்த்தது.

"பூனைதான்டா. போகட்டும்" என்றாள் அக்கா, பக்கத்துவீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல. முந்திரி வாயில் கோழி விழுந்தது. பூனை சலித்துப்போய் வேலிக்குள் புகுந்தது. தடி மறுபடி டக் டக்கென்றது.

அவர்கள் தபால்பெட்டியைத் தொட்டுத் திரும்பி வந்தபோது மகளின் கண் நிறைந்திருந்தது. கேட்டருகே வந்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. "போதும்மா, குடு, குடு. படியில நான் பிடிச்சுக்கறேன்" என்று பாய்ந்து வந்து கயிற்றைப் பற்றித் தன் பக்கம் இழுத்தாள்.

டப்.

கயிறு மகள் கையோடு போனது. அக்காவின் மணிக்கட்டில் ஒரு சாண் வெள்ளைத் தையல் நூல் ஆடிக்கொண்டிருந்தது. இடுப்பில் இரண்டாவது கயிறு இல்லை. ஒன்றுமே இல்லை. போக நூற்று நாற்பது, வர நூற்று நாற்பது, நடுவில் ஒரு பூனை, அவ்வளவும் அந்த நூலில்தான் நடந்திருக்கிறது.

"அம்மா! நூலா?" மகள் கையிலிருந்து கயிறு நழுவித் தரையில் விழுந்தது.

"அடிப்பாவி, ரோட்டுலயா?" என்றாள் மேடம். "அது பாஞ்சிருந்தா?"

"பாஞ்சிருந்தா நூல் அறுந்திருக்கும். நான் விழுந்திருக்க மாட்டேன். நீ பயந்தது அதுக்குத்தானே?" என்றாள் அக்கா, மகளிடம். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பினாள். "விழுந்த பயம் எனக்கு மட்டும் இருக்காதா? கையில கயிறு இருந்திருந்தா பூனையைப் பாத்ததும் நானும்தான் இழுத்திருப்பேன். இழுத்தா அறுந்துடும்னு தெரிஞ்சா, கை சும்மா இருக்கு."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கீழே பார்த்தார்கள். கேட் திறந்து கிடந்தது. தெரு முழுசும் முந்திரிக்குச் சொந்தம். அதுவோ அக்காவின் செருப்பை ஒட்டி உட்கார்ந்து, கயிறு தரையில் கிடக்க, கோழிப் பையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

மகள் அந்த நூலை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஃபோனை எடுத்து அந்தத் தோட்டத்துக்காரர்களைக் கூப்பிட்டாள். "மன்னிச்சுக்கோங்க. நாயைக் குடுக்கறதா இல்ல. ஆமா, அம்மாவுக்கு அது வேணும்." வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அந்தக் கூண்டைத் திருப்பிக் குடுத்துடாதே. பழைய துணி போட்டு வைக்க ஆகும்" என்றாள் அக்கா.

வாசலில் மூன்று படிகள். மூன்று மாதத்துக்கு முன் அவள் விழுந்த அதே படிகள். அக்கா தடியை முதல் படியில் ஊன்றினாள். மேடத்தின் கை, சொல்லாமலே, அவள் முழங்கையைத் தேடிக் கிளம்பியது. பாதி வழியில் மேடம் அதைப் பார்த்துவிட்டாள். திரும்ப எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மகளையும் கண்ணால் தடுத்தாள். அக்கா முதல் படி ஏறினாள். சாயவில்லை. இரண்டாம் படி ஏறினாள். முந்திரி ஒரு படி கீழேயே காத்திருந்து, அவள் ஏறியபிறகு ஏறியது.

மூன்றாம் படியில் தடியை ஊன்றிய அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"தரை உடைஞ்சிடப் போகுது. காலை எடுடி."

மேடம் குனிந்து பார்த்தாள். வலது கால் சிமெண்டுத் தரையை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. எடுத்தாள்.